மந்தார்மணி மணலில் கார் சிக்கினால்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து, வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, ஊரிலிருந்து காரையும் வரவழைத்துவிட்ட நம் ஊர்க்காரர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சார், மந்தார்மணியில பீச் மேலயே கார் ஓட்டிட்டுப் போகலாமாமே?” லேக் மார்க்கெட்டில் காப்பித்தூள் வாங்க நிற்கும்போது கேட்டிருக்கிறார்கள். பொங்கல் விழாவில் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். வண்டி ஓட்டுவதிலும், சிக்கிய வண்டியை எடுப்பதிலும் எனக்கு இருக்கும் ஆர்வம் இங்கே பலருக்கும் தெரியும். அதனால்தான் என்னிடம் வருகிறார்கள்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். வேண்டாம். ஒரு காலத்தில் ஓட்டினார்கள், இன்று அங்கே தடை இருக்கிறது. தடை இருந்தும் ஓட்டுகிறார்கள், அதனால் இன்றும் சிக்குகிறார்கள். ஏன் வேண்டாம் என்று நின்றுகொண்டே இரண்டு வரியில் சொன்னால் யாருக்கும் மனசில் தைப்பதில்லை. அதனால் விலாவாரியாக எழுதிவிடுகிறேன். அப்படியும் மீறி யாராவது சிக்கிக்கொண்டால் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த இடம்

தெரியாதவர்களுக்காக: மந்தார்மணி பூர்வ மேதினிபூர் மாவட்டத்தில், தீகாவுக்கு முன்னால் இருக்கிற கடற்கரை. கொல்கத்தாவிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். வித்யாசாகர் சேதுவைத் தாண்டி, கோனா எக்ஸ்பிரஸ்வே வழியாகப் போய், ரூப்நாராயண் ஆற்றைக் கடந்து, கோலாகாட்டைத் தாண்டி, நந்தகுமாரில் திரும்பினால் தீகா சாலை. கண்டாய் ஊரைத் தாண்டிச் சௌல்கோலாவில் இடது பக்கம் ஒடித்தால் மந்தார்மணி. விடியற்காலையில் கிளம்பினால் பத்து மணிக்குள் கடலைப் பார்த்துவிடலாம். வார இறுதிக்குக் கொல்கத்தாக்காரர்கள் அங்கே படையெடுப்பதற்கு அந்தத் தூரமே காரணம்.

கரையின் நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். தட்டையாக, அகலமாக, ஈர மணல் இறுகிப் போய் சிமெண்டுத் தரை போலத் தெரியும். ஆரம்ப காலத்தில் விடுதிகள் முளைத்தபோது உள்பக்கம் ஒழுங்கான ரோடு கிடையாது. வாடகைக் கார்கள் கரை மேலேயே ஓடி விடுதி வாசலில் பயணிகளை இறக்கிவிட்டன. “இந்தியாவிலேயே கார் ஓட்டக்கூடிய நீளமான பீச்” என்ற விளம்பரம் அப்படித்தான் பிறந்தது. அந்த விளம்பரம்தான் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதில் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த இறுகிய மணல் நாள் முழுக்க அங்கே இருக்காது. ஒரு நாளைக்கு இரண்டு முறை அது கடலுக்கு அடியில் போய்விடும்.

நம் கடல் வேறு, இந்தக் கடல் வேறு

தமிழ்நாட்டுக் கடற்கரையில் வளர்ந்த நமக்கு ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது, பெரிய விஷயமே இல்லை. மெரினாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். காலையில் போனாலும் சாயங்காலம் போனாலும் கடல் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கும். சுண்டல் விற்கிறவர் கடை போட்ட இடத்துக்குத் தண்ணீர் வருமா என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இந்தப் பழக்கத்தோடுதான் நாம் வங்காளத்துக்கு வருகிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

வங்காள விரிகுடா வடக்கே போகப் போகக் குறுகுகிறது, ஆழமும் குறைகிறது. தெற்கிலிருந்து வருகிற ஓத அலை இந்த இடுக்கில் வந்து முட்டும்போது உயர்ந்துவிடுகிறது. ஹூக்ளி முகத்துவாரத்தை ஒட்டிய கரைகளில் அமாவாசை, பௌர்ணமியை அடுத்த நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நான்கு மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். ஓர் ஆளின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

கொல்கத்தாவிலேயே இதைப் பார்க்கலாம். கடலிலிருந்து இத்தனை தூரம் உள்ளே இருந்தும் ஹூக்ளியில் தண்ணீர் தினமும் ஏறி இறங்குகிறது. பெரிய ஓத நாட்களில் ஆற்றில் சுவர் மாதிரி ஒரு அலை எதிர்த்து ஏறி வரும். இங்கே அதை ‘பான்’ என்கிறார்கள். பான் வருகிற நேரம் தெரிந்தால் படித்துறையில் குளிக்கிறவர்களை மேலே ஏறச் சொல்வார்கள், படகுக்காரர்கள் படகை நடு ஆற்றுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஹூக்ளிக்கென்றே தனியாக ஓத அட்டவணைப் புத்தகத்தை இந்திய நில அளவைத் துறை வெளியிடுகிறது. கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு அது இல்லாமல் ஒரு நாளும் நகராது.

ஓதம் ஏறுகிற வேகமும் ஒரே சீராக இருக்காது. கடலோடிகள் கையில் வைத்திருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரியுங்கள். முதல் மணியில் ஒரு பங்கு ஏறும், இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாம் மணியில் மூன்று, நான்காம் மணியில் மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. அதாவது நடுவிலிருக்கும் இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் வந்துவிடும். நான்கு மீட்டர் ஓதமென்றால் அந்த நேரத்தில் மணிக்கு ஒரு மீட்டர் உயரம். கரை ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் கடல் ஐம்பது மீட்டர் உள்ளே வந்து நிற்கும்.

காரைக் கரையில் இறக்குகிறவர் பார்ப்பது முதல் மணி நேரத்தை. கடல் தூரத்தில் அசையாமல் கிடக்கிறது, அவசரமே இல்லை என்று தோன்றும். போட்டோ எடுத்து, பிள்ளைகளை விளையாட விட்டு, இளநீர் குடித்து முடிப்பதற்குள் மூன்றாம் மணி ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் டயர் புதைந்தால் கையில் இருக்கும் அவகாசம் மிகக் குறைவு.

நேற்று பத்து மணிக்கு ஏற்றம் என்றால் இன்றைக்கும் பத்து மணி என்று நினைக்கவும் கூடாது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். “போன தடவை இதே நேரத்துக்குத்தான் வந்தோம், ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்கிறவர்கள் ஏமாறும் இடம் இது.

மணல் ஏன் விழுங்குகிறது

மந்தார்மணிக் கரையைக் குறுக்கே நடந்து பார்த்தால் மூன்று பட்டைகள் தெரியும். சவுக்குத் தோப்பை ஒட்டி மேலே உலர்ந்த மணல், கால் வைத்தால் கணுக்கால் வரை போகும். நடுவில் ஈரமான இறுகிய மணல். அதற்கும் கீழே, அலையை ஒட்டி, தண்ணீர் குடித்து நிரம்பிய மணல். நடுப்பட்டை மட்டும்தான் வண்டியைத் தாங்கும். மணல் துகள்களுக்கு இடையே கொஞ்சமாக இருக்கும் தண்ணீர் அவற்றை ஒன்றோடு ஒன்று இழுத்துப் பிடிக்கிறது. தண்ணீர் வற்றினால் அந்தப் பிடி போய்விடும், நிரம்பி வழிந்தாலும் போய்விடும்.

ஆகவே கார்கள் வழக்கமாகச் சிக்குவது இரண்டு இடத்தில். ரோட்டிலிருந்து கரைக்கு இறங்கும், அல்லது திரும்ப ஏறும் உலர்ந்த மணல் பட்டையில் ஒன்று. சின்னச் சின்ன ஓடைகள் கடலில் சேர்கிற இடத்தில் இன்னொன்று. ஓடை வாயில் மேலே மெல்லிய மணல் விரிப்பு இருக்கும், அடியில் வண்டல் சேறு. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

மூன்றாவது வகை எல்லாவற்றையும்விட மோசமானது. கார் கெட்டியான இடத்தில்தான் நிற்கிறது, ஆனால் அலை டயரைத் தொட ஆரம்பித்துவிட்டது. அலையோரம் நின்றவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு அலை திரும்பும்போதும் குதிகாலுக்கு அடியிலிருந்து மணல் உருவிக்கொண்டு போகும். டயருக்கும் அதேதான் நடக்கிறது. பத்துப் பதினைந்து அலைக்குள் நாலு சக்கரமும் குழிக்குள் இறங்கிவிடும், வண்டியை யாரும் ஓட்டக்கூட வேண்டாம்.

இதோடு ஆக்சிலரேட்டர் சேர்ந்தால் முடிந்தது கதை. நம் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் இழுக்கிறவை. இரண்டு முன் சக்கரங்களுக்கும் நடுவே உள்ள டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதை வேகமாகச் சுற்ற விட்டுவிடும். மணலில் பிடி இழந்த சக்கரம் சும்மா சுற்றும், பிடி உள்ள சக்கரம் சும்மா நிற்கும். சுற்றுகிற சக்கரம் அடியிலிருக்கும் மணலைப் பின்னால் வாரி எறிந்துகொண்டே கீழே போகும். கடைசியில் காரின் அடிவயிறு மணலில் படிந்துவிடும். அதற்குப் பிறகு சக்கரத்தின் மேல் பாரமே இருக்காது. எத்தனை குதிரைசக்தி இருந்தாலும் பயன் இல்லை. நாலு சக்கர இழுவை உள்ள பெரிய வண்டிகளும் இப்படி உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மீனவர்கள் எடுத்த கார்

குளிர்கால விடுமுறையில் ஒரு நாள் அந்தப் பக்கம் போயிருந்தபோது என் கண் முன்னால் நடந்தது இது. கொல்கத்தா நம்பர் போட்ட ஒரு சின்னக் கார் அலைப்பக்கம் இருந்து திரும்பி வந்து, மேட்டில் ஏறும்போது உலர்ந்த மணலில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு குடும்பம். ஓட்டிய இளைஞர் பதற்றத்தில் கியரை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி மிதிக்கிறார். முன் சக்கரத்திலிருந்து மணல் நீரூற்று மாதிரி பீய்ச்சுகிறது. நான் ஓடிப் போவதற்குள் சற்றுத் தள்ளி வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர்கள் வந்துவிட்டார்கள்.

அவர்களில் மூத்தவர் கையை உயர்த்திச் சொன்ன முதல் வார்த்தை, “தாதா, காடி பொந்தோ கொருன்!” வண்டியை நிறுத்துங்கள் என்றார். இன்ஜின் நின்றதும் அவர் காரைத் தொடவே இல்லை. பின் கதவைத் திறந்து, “மாசீமா, ஆஷுன்” என்று சொல்லி உள்ளே இருந்த வயதான அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி மேட்டில் உட்கார வைத்தார். குழந்தைகளும் பெட்டிகளும் பின்னாலேயே இறங்கின. அடுத்து அவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். கையிலிருந்த மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு கீழே நடந்து போய், அலை வந்து தொட்டுவிட்டுப் போகிற கோட்டில் குத்தி நிறுத்திவிட்டு வந்தார். வேலை நடக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பி அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டார். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அளக்க அவருக்கு வேறு கருவி தேவைப்படவில்லை.

பிறகுதான் காருக்கு வந்தார்கள். நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டேன். முன் சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கையாலேயே மணலை வாரி, குழியின் செங்குத்தான விளிம்பைச் சரிவாக்கினோம். அடிப்பக்கம் முட்டிக்கொண்டிருந்த மணலைப் படகிலிருந்து கொண்டு வந்த ஒரு தகரத் தட்டால் இழுத்து எடுத்தார்கள். வால்வு மூடியைக் கழற்றி, சாவி முனையால் அழுத்தி, நாலு டயரிலும் காற்றை இறக்கினேன். டயரின் பக்கச் சுவர் பிதுங்கத் தொடங்கியதும் நிறுத்தினேன். ஒரு பையன் மீன் ஏற்றும் சணல் சாக்குகளைத் தூக்கி வந்தான். கடல் தண்ணீரில் நனைத்து, டயருக்கு முன்னால் நெருக்கிச் செருகினோம்.

அந்த மூத்தவர் இளைஞரிடம் மறுபடி மறுபடி சொன்னது, மெதுவாக, மெதுவாக என்பதுதான். இரண்டாவது கியர், கிளட்சை மெல்ல விடுவது, ஸ்டியரிங் நேராக. நாங்கள் பின்னால் நின்று தள்ளினோம். கார் சாக்கில் ஏறியது, ஒரு குலுங்கு குலுங்கியது, நகர்ந்தது. “தாமாபென் நா!” என்று எல்லோரும் கத்தினார்கள், நிறுத்தாதே என்று. கெட்டித் தரை வரும் வரை அவர் நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தபோது மூங்கில் குச்சியைத் தாண்டித் தண்ணீர் ஏறிவிட்டிருந்தது.

அந்த இளைஞர் பணம் கொடுத்தார், அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அதில் எந்தத் தவறும் இல்லை. அவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய சாக்கு, அவர்களுடைய உடம்பு, அவர்களுடைய அனுபவம். அந்த நிலைமையில் நின்று பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

சிக்கினால் செய்ய வேண்டியது

அன்று அந்த மீனவர் செய்த வரிசையே சரியான வரிசை. உலகம் முழுக்க மணலில் வண்டி ஓட்டுகிறவர்கள் பின்பற்றுவதும் கிட்டத்தட்ட அதைத்தான். 1920களிலும் 30களிலும் ரால்ஃப் பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினியர் சாதாரண ஃபோர்டு கார்களை வைத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்தைக் குறுக்கே கடந்தார். டயரில் காற்றைக் குறைத்தார், சக்கரத்துக்கு அடியில் போட இரும்புப் பட்டைகளைக் கூடவே சுமந்து போனார். கெய்ரோவில் பழைய இரும்புக் கடையில் கண்டெடுத்த பட்டைகள் அவை. பின்னாளில் மணலின் இயற்பியலைப் பற்றி 1941-ல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் இரும்புப் பட்டை போட்ட இடத்தில் மேதினிபூர் மீனவர் சணல் சாக்கைப் போடுகிறார். கணக்கு ஒன்றுதான்.

முதலில் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுங்கள். சக்கரம் ஒரு முறை வழுக்கியதுமே நிறுத்திவிட்டால் பாதி வேலை மிச்சம். வந்த தடத்திலேயே மெல்லப் பின்னால் எடுக்க முடிகிறதா என்று ஒரே ஒரு முறை பாருங்கள். அந்தத் தடத்தில் மணல் ஏற்கனவே அழுத்தப்பட்டிருக்கும். முடியவில்லை என்றால் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, ஆட்களை இறக்குங்கள். குழந்தைகள், முதியவர்கள், கைப்பை, கார் ஆவணங்கள் எல்லாம் மேட்டுக்குப் போய்விட வேண்டும். வண்டியின் பாரமும் குறையும், எது நடந்தாலும் உயிருக்கு ஆபத்து இருக்காது.

மூன்றாவது, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு குச்சி போதும். ஏறுகிறது என்றால் கூச்சப்படாமல் உடனே உள்ளூர்க்காரர்களைக் கூப்பிடுங்கள். டிராக்டர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆபத்து அதிகம் என்றால் 112-க்கு அழையுங்கள்.

நான்காவது, காற்றைக் குறையுங்கள். சாதாரணமாக 32, 33 பிஎஸ்ஐ இருக்கும் டயரை 16, 18 வரை இறக்கலாம். டயர் தட்டையாகி நீளவாக்கில் அதிக மணலைத் தொடும், பாரம் பரவும். ரோட்டுக்கு வந்ததும் மெதுவாக ஓட்டிப் போய் முதல் பங்சர் கடையிலேயே காற்று நிரப்ப வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

ஐந்தாவது, தோண்டுங்கள். சக்கரத்துக்கு முன்னால் சரிவு, அடிவயிற்றில் இடைவெளி, இரண்டும் வேண்டும். பிறகு சாக்கு, சவுக்கு மிலாறு, காரின் கால் மிதியடி, பலகை, எது கிடைக்கிறதோ அதைச் செருகுங்கள். சக்கரம் சுழலும்போது பலகை பின்னால் பறக்கும், அதன் நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. டிராக்‌ஷன் கண்ட்ரோல் பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் தேவையான நேரத்தில் அது இன்ஜினின் சக்தியை அடக்கிவிடும்.

கயிறு கட்டி இழுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பம்பரிலோ ஆக்சிலிலோ கட்டக் கூடாது. காரின் டூல் பெட்டியில் இழுவைக் கொக்கி இருக்கும், அதைத் திருகிப் பொருத்திக் கட்ட வேண்டும். எங்கே திருகுவது என்று வீட்டு வாசலிலேயே ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது கயிற்றின் நேர்க்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது. அறுந்த கயிறும், பிய்ந்த கொக்கியும் ஆளைக் கொன்றுவிடும். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்ல ஒருவரைத் தனியாக நிறுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. தண்ணீர் கதவு வரை வந்துவிட்டால் காரை விட்டுவிடுங்கள். அதற்குள் போய் எதையும் எடுக்க முயலாதீர்கள்.

உப்புத் தண்ணீர் உள்ளே போனால்

கடலில் நனைந்த காரைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்ப்பது மனித இயல்பு. அதைத்தான் செய்யக் கூடாது. காற்று போகும் குழாய் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது அமுக்க இடமில்லாமல் முட்டும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும், இன்ஜினே போய்விடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தூக்கிச் செல்லும் வண்டியில் ஏற்றித்தான் பணிமனைக்கு அனுப்ப வேண்டும். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு எடுக்காதவர்களுக்கு இந்தச் செலவு பொதுவாகக் கிடைப்பதில்லை. உங்கள் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

நனையாத காருக்கும் உப்பு மணல் கெடுதல்தான். அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பக்கம், பிரேக், சக்கரக் குழி எல்லாவற்றையும் பீய்ச்சிக் கழுவுங்கள்.

கார் மட்டுமா விஷயம்

2016-ல் இந்தக் கரையில் வேகமாக ஓட்டிய கார்கள் மோதிக் கொல்கத்தா இளைஞர்கள் மூன்று பேர் இறந்தார்கள். சிக்னலும் கோடும் இல்லாத பதின்மூன்று கிலோமீட்டர் தரை கிடைத்தால் இளரத்தம் என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கரையில் நடப்பவர்களும் விளையாடும் பிள்ளைகளும் எந்தப் பக்கம் ஒதுங்குவார்கள்?

அப்புறம் அந்தச் சிவப்பு நண்டுகள். மந்தார்மணிக்கும் தாஜ்பூருக்கும் இடைப்பட்ட கரையில் வற்றத்தின்போது ஆயிரக்கணக்கில் வெளியே வரும். தூரத்திலிருந்து பார்த்தால் மணலில் செந்நிறம் பூத்த மாதிரி இருக்கும், காலடி அதிர்வு பட்டதும் எல்லாம் ஒரே நொடியில் வளைக்குள் மறையும். வண்டிக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. டயர் போன தடத்தில் நண்டும் நசுங்குகிறது, வளையும் இடிகிறது. நாம் சாகசம் என்று சொல்வது அவற்றின் வீட்டுக் கூரை மேல் நடக்கிறது. இந்தக் கரையில் கடலோர விதிகளை மீறிக் கட்டிய விடுதிகள் பற்றிய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. கட்டடத்தால் வந்த சுமையே போதும், டயராலும் சேர்க்க வேண்டாம்.

கரடுமுரடுப் பயணம் வேண்டும் என்றால்

அந்த ஆசை எனக்கும் உண்டு, அதைக் குறை சொல்லவே மாட்டேன். மேற்கு வங்கத்திலேயே அதற்கு அருமையான இடம் இருக்கிறது. டார்ஜீலிங் மாவட்டத்தில் மானேபஞ்சன் என்ற சின்ன ஊர். அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்ஃபூவுக்கு ஏறக்குறைய 31 கிலோமீட்டர் மலைப்பாதை. பல காலம் வெறும் பாறாங்கல் அடுக்கிய பாதையாக இருந்தது, இப்போது பல இடங்களில் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். மேலே போய் நின்றால் வானம் தெளிந்த நாளில் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு நான்கும் கண்ணுக்குத் தெரியும்.

அந்தப் பாதையில் 1950களில் தயாரான லேண்ட் ரோவர்கள் இன்னும் ஓடுகின்றன. பலவற்றில் இன்ஜினை மாற்றிவிட்டார்கள், உடம்பு பழசுதான். 1947-ல் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் வேல்ஸ் நாட்டுக் கடற்கரை மணலில் வரைந்து காட்டிய வண்டி இது என்று அந்தக் கம்பெனியின் வரலாறு சொல்கிறது. மானேபஞ்சன் ஓட்டுநர்கள் அதை ஓட்டும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். செங்குத்தான வளைவுக்கு முன்னாலேயே சின்ன கியருக்கு வந்துவிடுவார்கள், பாதி ஏற்றத்தில் கியர் மாற்ற மாட்டார்கள். வண்டி பின்வாங்கினால் கூட வருகிறவர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுப்பார். வேகத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. சிங்காலிலா தேசியப் பூங்கா ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மூடியிருக்கும், அதைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

நம் தனுஷ்கோடியிலும் இதே பாடம்தான் நடந்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கும் முன், மணலிலும் தண்ணீரிலும் ஓடிய அந்தப் பழைய வேன்களில் போனவர்களுக்கு நினைவிருக்கும். எந்த நேரத்தில் எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும். வண்டி சிக்கினால் எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். அந்த மண்ணில் பிறந்தவர் கையில் ஸ்டியரிங் இருந்தது, அதனால் நாம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தோம்.

என் வேண்டுகோள்

மந்தார்மணிக்குப் போங்கள். காரை விடுதியிலோ ரோட்டிலோ நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள். போனதும் முதல் வேலையாக அன்றைய ஏற்றம் எத்தனை மணிக்கு என்று ஒரு மீனவரிடம் கேளுங்கள். ‘ஜோவார் கொக்கோன்?’ என்றால் சொல்வார். பிள்ளைகளுக்கும் அந்த நேரத்தைச் சொல்லி வையுங்கள். வேறு ஒருவர் கார் சிக்கி நிற்பதைப் பார்த்தால் செல்பேசியில் படம் எடுக்காமல் ஓடிப் போய் இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள், உள்ளே இருப்பவர்களை இறக்குங்கள். புதிதாகக் கொல்கத்தா வந்திருக்கும் நண்பர்கள் யாராவது பீச்சில் கார் ஓட்டலாமா என்று உங்களிடம் கேட்டால், கூடாது என்று தயங்காமல் சொல்லுங்கள்.